காலிக் கப்பலின் சிவப்பு

ஜூன் 14, 2020. ஞாயிறு. நங்கூரத்தில்.

காலையில் உப்புமா. கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கும் பதம். சமையல்கட்டுப் பண்டாரி கலியமூர்த்திக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தவன் கொத்தனாராக இருக்க வேண்டும். முன்தளத்தில் துரு தட்டினோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

என் மனைவி மெற்றில்டா போய் இது இரண்டாவது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அவள் முதலில் கேட்பது, "இந்த வாரம் என்ன சாப்ட்டீய, என்ன வேல பாத்தீய?" நான் விழிப்பேன். அதற்காகவே இந்த டைரியை வாங்கிக் கொடுத்தாள். இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

கரைக்குப் போக வழி இல்லை. கொரோனா என்று எந்தத் துறைமுகமும் கப்பல்காரனை இறங்க விடுவதில்லை. சரக்கும் இல்லை. அதனால் எங்கள் கப்பல் நீலதாரா காலி வயிற்றோடு இங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது. அவள் அடக்கத்தை மருமகன் போனில் காட்டினான். பெட்டியை இறக்கும்போது சிக்னல் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியான என்னிடம், போசனிடம், ஆளாளுக்கு வந்து "போசன், நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. இன்று இரண்டு பேரைத் திட்டினேன்.

ஜூன் 17

கேப்டன் கூப்பிட்டார். உமாபதி சார் காரைக்கால்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"போசன், ஒரு உதவி. நம்ம பத்தி சாப் மனசு சரியில்லாம இருக்காரு. நிக்காஹ் தள்ளிப் போயிடுச்சுல்ல. தனியா விட வேணாம்னு பாக்குறேன். நீங்க அவரு ஊருக்குப் பக்கத்து ஊரு. கூடவே இருந்து பாத்துக்கணும்."

பத்தி சாப் என்றால் கப்பலில் மின்சார வேலை பார்க்கும் ஆபீசர். மெற்றில்டாவுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே சிரிப்பு வரும், ஊதுபத்தி விக்கிறவரா என்பாள். எங்கள் பத்தி சாப் காயல்பட்டினத்து மொகுதூம். முப்பது வயது தாண்டியவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

"அவனா சார்? நேத்துக்கூட கேரம்ல பண்டாரிய ஏமாத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சானே."

"வெளியில சிரிப்பாங்க போசன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அதுவும் சரிதான். பிறகு போனில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஒரு ஊர் அருங்காட்சியகத்தில் எடுத்ததாம். பாய்மரக் கப்பல், அலை, கொடி, எல்லாமே கம்பளி நூலால் தைத்தது. அந்தக் காலத்து மாலுமிகள் வேலை இல்லாத நாட்களில் பாய்த்துணியில் தம் கப்பலையே இப்படித் தைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். "உங்ககிட்ட ஊசி இருக்கு, கான்வாஸ் இருக்கு. அவரையும் கூட உக்கார வச்சு ஒண்ணு தைங்களேன். கைக்கு வேலை இருந்தா மனசு அலையாது" என்றார்.

மனுஷன் கெட்டிக்காரர். மொகுதூம் கொடுத்து வைத்தவன், இப்படி ஒரு கேப்டன் கிடைக்க.

ஜூன் 20

கம்பளிக்கு எங்கே போவது என்ற கவலை தீர்ந்தது. போன டிசம்பரில் ஒரு துறைமுகத்தில் மாதா கோயில் பெண்கள் கடலோடிகளுக்கென்று தங்கள் கையால் பின்னிய கம்பளிக் குல்லாய்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். இந்த வெயிலில் அவை ஸ்டோரில் சும்மா கிடக்கின்றன. நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று ஒரு மூட்டை. முகம் தெரியாத அந்தப் புண்ணியவதிகளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தோம்.

மொகுதூமைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. மெஸ்ஸில் எல்லாரோடும் கலகலவென்று பேசுகிறான். என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போகிறது. என்னிடம்தான் துக்கத்தை மறைக்காமல் காட்டுகிறான் போலிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நான் பாத்திரமாக இருக்க வேண்டும்.

ஜூன் 25

பாய் தைக்கும் ஊசிக்கு முனையில் மூன்று விளிம்பு. கான்வாஸைக் கிழித்துக்கொண்டு போகும், கூடவே கம்பளியையும் அறுத்துவிடுகிறது. நாலு தையலுக்குள் நூல் பிசிறு பிசிறாகிவிட்டது. நான் ஊசியைக் கடலில் எறியப் போனேன். மொகுதூம் வாங்கிப் போய் பட்டறையில் வைத்து முனையை உருட்டையாக ராவிக் கொண்டுவந்தான். இப்போது வெண்ணெயில் போவது மாதிரி போகிறது.

சாயங்காலம் வழக்கம் போல் பின்தளக் கம்பியோரம் நின்றேன். அங்கே நின்றால் தண்ணீர் மட்டும்தான் தெரியும், நன்றாக இருக்கும். மொகுதூம் டார்ச்சும் கையுமாக வந்து பல்பு மாற்றினான். முந்தாநாளும் அதே பல்பைத்தான் மாற்றினான். மட்டமான சரக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 9

சாக்கட்டியால் கப்பலை வரைந்தாயிற்று. பக்கவாட்டுத் தோற்றம். கிரேன் நாலு, பின்னால் நாங்கள் தங்கும் வீடு, புகைபோக்கி. உடம்பைக் கறுப்பில் நான் தைக்கிறேன், கடலை நீலத்தில் அவன் தைக்கிறான். அவனுடைய தையல் கோணலாகப் போகிறது. கடல்தானே, கோணலாக இருந்தால் அலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் போட்டிருந்த தண்ணீர்க் கோடு உயரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான். "அண்ணாச்சி, கப்பல் இம்புட்டு முங்கியா கெடக்கு? நாமதான் காலியா நிக்கோமே. அடிவயிறு பூராம் செவப்பாத் தெரியணுமே."

"நீ போசனா, நான் போசனா?"

"நீங்கதான்."

"பொறவு என்ன? சரக்கு ஏத்துன கப்பல்தான் பாக்க லெச்சணமா இருக்கும். மூடிக்கிட்டுத் தை."

பண்டாரி டீ கொண்டுவந்தவன் எட்டிப் பார்த்து, "என்னங்க போசன், எங்களுக்குத் தெரியாம சரக்கு எப்ப ஏத்துனீங்க?" என்றான். டீயில் சர்க்கரை இல்லை என்று அவனை விரட்டினேன். சர்க்கரை இருந்தது.

குல்லாய் மூட்டையில் சிவப்பு இல்லை, அவ்வளவுதான் காரணம். கப்பலில் இருக்கும் ஒரே சிவப்புக் கம்பளி என் அறைக் கொக்கியில் தொங்கும் ஸ்வெட்டர். முதல் தடவை நான் குளிர்தேசத்துக்குக் கப்பல் ஏறியபோது மெற்றில்டா கன்னியாஸ்திரி மடத்தில் போய்ப் பின்னக் கற்றுக்கொண்டு பின்னியது. தூத்துக்குடி வெயிலில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பாள். மிளகாய்ப்பழச் சிவப்பு. அதைப் போட்டால் என்னைத் தீயணைப்புக்காரன் என்பார்கள். மொகுதூம் அதை ஒருமுறை பார்த்தான். அவன் போனபின் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

ஜூலை 19

மகள் பிரிசில்லா பேசினாள். "அப்பா, அழுதியளா?" என்று கேட்கிறாள். எல்லாரையும் மாதிரி இவளுமா. இங்கே ஒரு பையனை நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, எனக்கு நேரமில்லை என்றேன்.  பிறகு, "சரிப்பா, அவங்கள நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 1

பக்ரீத். கலியமூர்த்தி பிரியாணி செய்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமை. உப்புமாப் பாவமெல்லாம் தீர்ந்தது.

மொகுதூம் தலையில் தொப்பியும் புதுச் சட்டையுமாக எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான். நான் உள்ளே நுழைந்தேன். வாயில் பிரியாணியோடு அப்படியே நின்றான். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கன்னத்தில் வைத்தான். கலியமூர்த்திக்குப் புரையேறிவிட்டது. நிக்காஹ் ஆகியிருந்தால் இன்று மாமியார் வீட்டு விருந்தில் இருந்திருப்பான், அந்த நினைப்பு வந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். தோள் குலுங்கியது. அழுகிறான், முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான்.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருநாள். ஊரில் கூட்டமில்லாமல் கொடியேற்றினார்களாம். மெற்றில்டா இந்தப் பத்து நாளும் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டாள், பஜார்ப் பண்டம்தான். மொகுதூமும் நானும் தைத்தோம். அவன் இன்று வாயே திறக்கவில்லை. அது நடிப்புமாதிரித் தெரியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு நடிப்பு என்று எழுதினேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 22

உயிர்காப்புப் படகுப் பயிற்சி. என்னுடைய இடம் எப்போதும் மேலேதான், படகை இறக்கும் பிரேக் பக்கம். இன்று கேப்டனிடம் நானும் படகில் இறங்குகிறேன் என்று கேட்டேன். கப்பலுக்கு உள்ளேயே கிடப்பவன் கப்பலை எங்கே பார்க்கிறான்? புகைபோக்கி எவ்வளவு சாய்வு என்று வெளியிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தைக்கலாம்.

 கேப்டன் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொகுதூம் குறுக்கே வந்து, "நானும் அண்ணாச்சி கூடப் போறேன் சார். பக்கத்துலயே இருக்கேன்" என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனநிலையில் இவனைக் கடலில் இறக்க கேப்டன் யோசிக்கிறார். "நான் இருக்கேன் சார், பயப்படாதீங்க" என்றேன். கேப்டன் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வாரை அவர் கையாலேயே இழுத்துப் பார்த்து அனுப்பினார்.

படகு கப்பலைச் சுற்றியது. மேல்மூடியைத் திறந்து நான் எழுந்து நின்றேன்.

என்னவென்று எழுதுவது. கறுப்பு கொஞ்சம்தான். அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு. மூன்று மாடி வீடு உயரத்துக்குச் சிவப்பு, பாசி பிடித்து, துரு வழிந்து. உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நிற்கிறது. இதன் மேலே நின்றுகொண்டா நான் சரக்கு ஏற்றிய கப்பல் தைத்தேன்?

"எம்புட்டுச் செவப்பு பாரு" என்றேன்.  அழுதேன். மெற்றில்டா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். படகு எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். அப்படியே கேட்டிருந்தாலும் கேட்கட்டும். மொகுதூம் என் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். படகோட்டி, யாரும் சொல்லாமலே, இன்னொரு சுற்று சுற்றினான்.

ஆகஸ்ட் 23

பதினோரு மணி வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை. இந்தக் கப்பலில் போசன் பதினோரு மணி வரை தூங்குவதும் யாரும் கேட்காமல் இருப்பதும் இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 30

தண்ணீர்க் கோட்டை இறக்கிவிட்டேன். அதற்காக மொகுதூம் தைத்த கடலில் பாதியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. எத்தனை வார வேலை, பையன் முகம் சுளிப்பான் என்று பார்த்தால், "பிரிங்க அண்ணாச்சி, பிரிங்க" என்று கத்தரியைத் தேடி ஓடினான்.

பிறகு ஸ்வெட்டர். பின்னலை எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் பிரிக்க முடியாது. பின்னியவள் கடைசியாக முடிச்சுப் போட்ட இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். கழுத்தில் முடித்திருந்தாள். முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. மொகுதூமிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அது நீங்கதான் அண்ணாச்சி. நான் பக்கத்துல இருக்கேன்."

அவிழ்த்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவன் கையில் சுற்றிக்கொண்டே வந்தான். இடுப்புப் பட்டி வந்தபோது தையல் தாறுமாறாக இருந்தது. அங்கேதான் அவள் பின்ன ஆரம்பித்திருக்கிறாள், கை பழகாத காலம். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அவளைப் பற்றிச் சிரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். கோபத்தில் என் சட்டைகளுக்கு மட்டும் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கதை, கடன்காரனிடம் நான் இல்லையென்று சொல்லிவிட்டு என்னையே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன கதை. மொகுதூம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துக்கத்தை மறந்துவிட்டான், நல்லது.

பிரித்த கம்பளி சுருள் சுருளாக நிற்கும். கலியமூர்த்தி கேட்காமலே பெரிய கெட்டிலை வைத்து ஆவி காட்டிக்கொடுத்தான். நுனியில் கனத்துக்கு இரும்பு ஷாக்கிள் கட்டித் தொங்கவிட்டோம். காலைக்குள் நேராகிவிடும்.

செப்டம்பர் 27

படம் முடிந்தது. நீலதாரா காலியாக, சிவப்பு வயிறு தெரிய, நங்கூரத்தில் நிற்கிறது. கடல் கோணல். கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தார். "இதுதான் போசன் நம்ம கப்பல்" என்றார். கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பிரிசில்லாவுக்கு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12

ஆள் மாற்ற அனுமதி வந்திருக்கிறது, ஆனால் இரண்டு பேருக்கு மட்டும். என் பேர் முதலில். மொகுதூமும் நானும் ஒரே நாளில்தான் கப்பல் ஏறினோம், அவன் பேரைக் காணோம். நேரே கேப்டனிடம் போனேன்.

"சார், அவன அனுப்புங்க. நிக்காஹ் நிக்குது. நான் அப்புறம் போறேன். அவனப் பாத்துக்கன்னு என்கிட்டதான சொன்னீங்க, நான் எப்படி விட்டுட்டுப் போக?"

கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க போசன். அவரு இப்பத் தேறிட்டாரு. உங்க பேர முதல்ல போடச் சொன்னதே அவருதான்."

கிளம்பும்போது கலியமூர்த்தியிடம் பொறுப்பைக் கொடுத்தேன். "பத்தி சாப் ஒடிஞ்ச மனசுக்காரன், தனியா விடாத." அவன் தலையை ஆட்டிவிட்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டான். அவனுக்கும் என்னைப் பிரிய மனமில்லை போல. அவனுடைய உப்புமாவைப் பற்றி எழுதியதெல்லாம் வாபஸ்.

நவம்பர் 2, தூத்துக்குடி

கல்லறைத் திருநாள். மகளும் நானும் மெற்றில்டாவிடம் போனோம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை, கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன், என்ன வேலை பார்த்தேன் என்று ஜூனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் போனதே தெரியவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

காயல்பட்டினம் போனேன். பையன் துக்கத்தில் இருந்ததை நினைத்து அவன் உம்மா கலங்கிப் போயிருப்பார்கள், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வது என் கடமை என்று போனேன். படத்தையும் காட்ட எடுத்துப் போனேன்.

மொகுதூமின் மச்சான் கூடத்தில் உட்காரவைத்து, வட்டலப்பமும் டீயும் கொண்டுவந்தார். அவன் உம்மா உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினார்கள். படத்தை உள்ளே வாங்கிப் பார்த்துவிட்டு, "எம் புள்ள தச்ச கடலா இது? சுனாமி வந்தாப்ல ஈக்குது" என்றார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கவலப்படாதிய. உங்க மவன் இப்பத் தேறிட்டான். ஆரம்பத்துல ரொம்ப வெசனப்பட்டான். நான் கூடவேதான் இருந்தேன்" என்றேன்.

"ஆருக்கு வெசனம்? மொகுதூமுக்கா?"

"நிக்காஹ் தள்ளிப் போனதுல..."

"அது அவனாக் கேட்டுத் தள்ளுனதுல்லா. வெசனமாம்! அவனுக்கு ஒரு மணிநேரம் மூஞ்சத் தூக்கி வைக்க வராது தம்பி. எனக்குப் போன் போட்டு, உம்மா, மனசு ஒடிஞ்சவன் எப்படி உம்மா உக்காருவான்னு கேட்டான். கையக் கன்னத்துல வச்சிக்கடா, ஆரு முகத்தையும் பாக்காதன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க போசன் பொஞ்சாதி மவுத்தாப் போச்சு, மனுசன் அழவே மாட்டேங்குறாரு, கடலையே பாத்துட்டு நிக்காரு, பயமா ஈக்குது உம்மா, கேப்டன் கூடவே இருக்கச் சொல்லிருக்காருன்னு..."

திரை அசையாமல் நின்றது. மச்சான் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்கள் மெதுவாக.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கண் நிறைந்தது. கப்பல் முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அத்தனை மாதம் ஒரு கலகலப்பான பையன், எனக்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கோணல் தையல் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெற்ற தகப்பனுக்குக்கூடப் பிள்ளைகள் இவ்வளவு செய்வதில்லை. அந்தத் திரையைப் பார்த்துக் கைகூப்பினேன். "நல்லாப் பெத்தீய அக்கா" என்றேன். 

"இப்பத் தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டார்கள்.

"வருது அக்கா."

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மொகுதூம் போன் செய்தான். கப்பல் ஏதோ கரையோரம் போகிறதாம், சிக்னல் கிடைத்திருக்கிறது. பின்னால் கேரம் காய் விழும் சத்தமும் கலியமூர்த்தியின் சிரிப்பும் நன்றாகக் கேட்டன. என் குரலைக் கேட்டதும் அங்கே எல்லாம் அடங்கியது.

"அண்ணாச்சி," என்று இழுத்தான், தொண்டை கம்ம, உயிர் போகிற குரலில், "மனசே சரியில்ல அண்ணாச்சி."

காயல்பட்டினத்திலிருந்து பேசுகிறேன் என்று நான் சொல்லவில்லை. தூத்துக்குடி பஸ் வந்தது, ஏறவில்லை. சிமெண்டு பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"எல்லாம் சரியாப் போகும் தம்பி," என்றேன். "நான் இருக்கேன்ல. மொதல்ல என்ன சாப்ட்ட, என்ன வேல பாத்த, அதச் சொல்லு."